வாசல் நாயும் கப்பித்தான் கடிதமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கரைச் சீமையைக் கட்டழகப்பர் என்று ஒரு ராசா ஆண்டார். சிரித்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார். முறைத்தால் தலையைக் கேட்பார். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வரதையன். ஏழு வருஷம் பட்டணத்தில் இங்கிலீஷ் படித்தவன். படிப்பு தலையில் தங்காமல் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுத்து தெரியாத ஓலைக்காரன் பேச்சிமுத்துவைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. ராசா ஒருமுறை பேச்சிமுத்துவுக்குத் தன் கையால் வெற்றிலை கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் காரணம். இப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை.

ஒருநாள் காலை சபையில் வரதையனின் விண்ணப்பத்தை வாசித்தார்கள். பல்லக்கு கேட்டிருந்தான். 'தேவரீர் வாசலில் கிடக்கும் நாய், வரதையன்' என்று முடித்திருந்தான். ராசா குளிர்ந்துபோய்ப் பல்லக்கைக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வெள்ளைக்காரக் கப்பித்தானின் கடிதம். ஏரிக்கரையில் தன் பட்டாளம் தங்க இடம் கேட்டிருந்தான். வரதையன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து கடைசி வரியில் குரலை உயர்த்தினான்.

"'தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், மகாராசா!"

ராசா துள்ளி எழுந்தார். "எனக்கா? ஊழியனா?"

"சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறது."

"அப்படியானால் பட்டத்து யானையைக் குளிப்பாட்ட வரச்சொல்! டேய் பேச்சிமுத்து, ஓலையோடு ஓடு!"

பேச்சிமுத்து யோசித்தான். பீரங்கி வைத்திருப்பவனிடம் இதைக் கொடுத்தால் கொண்டுபோனவன்தானே முதலில் தூக்கில் தொங்குவான்! வரதையனைப் பார்த்தான். அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போகிறேன் சாமி. ஒரு வேலை பாக்கி" என்று வெளியே ஓடிய பேச்சிமுத்து, நாய்ச் சங்கிலியும் ஒரு சட்டிக் கூழுமாகத் திரும்பி வந்தான்.

"என்னடா இது?"

"எழுதினபடியே வேலை வாங்குவது என்றால் முதலில் எழுதினவர் துபாஷி ஐயாதானே, சாமி? வாசல் நாய் என்று எழுதியிருக்கிறார். ஐயா, கழுத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"அதானே! கட்டு!" என்றார் ராசா.

"ஐயோ மகாராசா! அது மரியாதைக்கு எழுதுவது! விண்ணப்பத்தை எல்லோரும் அப்படித்தான் முடிப்பார்கள்!"

"இங்கிலீஷ்காரர் எப்படிங்க ஐயா முடிப்பாங்க?"

"அவர்களும் இப்படித்தான்! 'பணிவுள்ள ஊழியன்' என்று முடிப்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாட..." வரதையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராசாவின் முகம் வெளுத்தது.

"தெரிந்தேதான் என்னைப் பீரங்கிக்கு முன்னால் நிறுத்தப் பார்த்தாயா? பல்லக்கு இனி பேச்சிமுத்துவுக்கு! இடம் கொடுத்தோம் என்று பதில் எழுது. நீயே நடந்து கொண்டுபோ."

எழுதி முடித்த வரதையன் கேட்டான்: "முடிவில் என்ன போடட்டும், மகாராசா?"

ராசா பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"கப்பித்தான் போட்டதையே போட்டால்தானே சாமி, மரியாதை?"

"நானா? ஊழியனா?" ராசா கப்பித்தானின் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார். பிறகு, 'தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதைச் சுமந்துகொண்டு வரதையன் பன்னிரண்டு காதம் வெயிலில் நடந்தான். நடக்கட்டும்.