அணையாத மரங்கள்

இப்போதிருக்கும் ஊர்களுக்கெல்லாம் பெயர் வைக்கும் முன்னே, வேங்கைமங்கலம் என்றோர் ஊர் இருந்தது. கேளுங்கள்.

அந்த ஊரில் விளக்கை அணைப்பது பாவம். எண்ணெய் தீர்ந்து தானாக அடங்கும்வரை விட்டுவிடுவார்கள். ஆகவே அரசன் வெண்மாறனுக்கு ஓர் ஆசை: என்றைக்குமே அணையாத விளக்கு வேண்டும்.

செடிகளை ஒட்டுக்கட்டி வளர்ப்பதில் கைதேர்ந்த காரிக்கண்ணி அதைச் செய்துகாட்டினாள். காட்டில் ஒளிரும் காளானின் சாற்றை விதையில் ஏற்றி, இலையெல்லாம் நிலவாய் ஒளிரும் மரத்தை வளர்த்தாள். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், ஏற்ற ஆளும் வேண்டாம். தெருத்தெருவாக நட்டார்கள். ஊரே அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. அடுத்த மழைக்கு நாடு முழுவதும் நட வேண்டும், விதை கொடு என்றான் அரசன்.

முதலில் சுரைத்தோட்டக்காரன் வந்தான். பூ பூக்கிறது, பிஞ்சு பிடிக்கவில்லை என்றான். எரு போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிறகு இலுப்பைத்தோப்பு நாச்சி வந்தாள். பூவுக்கு வௌவால் வரவில்லை, மரம் காய்க்கவில்லை என்றாள்.

"வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாயா அக்கா?" என்று காரிக்கண்ணி கேலி செய்தாள்.

நாச்சி சிரிக்கவில்லை. "உன் வெளிச்சம் வந்தது, என் தோப்பு மலடாகிவிட்டது. நீயே வந்து பார்."

அந்தச் சொல் அவளை உறங்கவிடவில்லை. விடியும் முன்னே கிளம்பினாள். தெருமரத்தடியில் எதையோ மிதித்தாள். உதிர்ந்த பூ என்று நினைத்துக் குனிந்தாள். அத்தனையும் செத்த அந்துப்பூச்சிகள். சுரைப்பூவைத் தேடிப் போக வேண்டியவை, வெளிச்சத்தையே சுற்றிச் சுற்றி விழுந்திருந்தன.

இருட்டைத் தேடி வௌவால்கள் விட்டுப்போன தோப்பைத் தாண்டிக் காட்டோரம் போனாள். அங்கேயும் வெளிச்சம். அவள் நட்டிராத இடத்தில், பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் முளைத்து, கன்றுகன்றாக ஒளிர்ந்துகொண்டிருந்தன.

வாய் திறக்காவிட்டால் புகழ் நிலைக்கும். ஆனாலும் அவள் விதைப்பானையோடு அரண்மனைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, மரங்களை வெட்டிவிடச் சொன்னாள்.

"விளக்கை அணைக்கவா சொல்கிறாய்? நாக்குக் கூசவில்லையா?" என்றான் அரசன்.

"அரசே, நான் இரவை அணைத்துவிட்டேன்" என்றாள் காரிக்கண்ணி. எல்லோரும் பார்க்க, பானையை அப்படியே அவை நடுவே எரிந்த தீயில் கவிழ்த்தாள்.

எரியும் விதைகளைப் பார்த்துவிட்டு அரசன் தெருமரங்களை வெட்ட உத்தரவிட்டான்.

தெரு இருண்டது. ஆனால் காடு? நாச்சியும் அவளும் அரிவாளோடு நாள்தோறும் போனார்கள். ஒன்றை வெட்டி நிமிர்ந்தால், அதற்கப்பால் இன்னொன்று ஒளிர்ந்தது.

ஆகவே கேட்டவர்களே, திரும்பப் பெற முடியாத ஒன்றை மண்ணில் விடும் முன், அது எந்தெந்த உயிரைத் தொடும் என்று விசாரித்துவிட வேண்டும்.