செண்பகவடிவின் மிக்ஸி

தென்காசியில் இட்லி சுட்டு விற்கும் செண்பகவடிவு வாங்கிய புது மிக்ஸி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. வாங்கிய கடைக்கே தூக்கிப் போனாள். மேனேஜர் அருள்தாஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லா மிக்ஸியும் இப்படித்தாம்மா கத்தும். பழகிக்கோ."

சரியென்று போனவள், ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நெரிந்த நாளில் திரும்பி வந்தாள். கடையின் டெமோ மேஜையில் மிக்ஸியை வைத்து, தேங்காயும் பொரிகடலையும் போட்டு ஓடவிட்டாள். குழந்தைகள் வீறிட்டன. கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தது.

"பயப்படாதீங்க! எல்லா மிக்ஸியும் இப்படித்தான் கத்துமாம். சாரே சொன்னாரு."

மேனேஜர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். வேறொரு மிக்ஸியை அவள் கையில் திணித்தார்.

"எதுக்கு சார்? இதுவும் அப்படித்தானே கத்தும்?"

"ஐயோ, இது நல்ல மிக்ஸிம்மா!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் மேனேஜர்.

செண்பகவடிவு அலறிய மிக்ஸியிலிருந்து சட்னியை மட்டும் வழித்துக்கொண்டு, நல்ல மிக்ஸியோடு கிளம்பினாள்.