பறக்காமல் இருக்க ஓர் ஆள்

நெட்டியான்பட்டிக்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார்கள். வினையே அதுதான்.

அந்த ஊர் நல்லதம்பிக்கு மும்பையில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணையில் உட்காருவாள். அவருக்கு, மச்சான் வடமலைக்கு, பங்காளி சீரங்கனுக்கு என்று மூன்று பேருக்கும் பிளேன் டிக்கெட் போட்டாயிற்று. அப்போது கல்யாணப்பெண் எழிலரசி போன் பண்ணினாள்.

"மாமா, பிளேன் புகையால உலகமே சூடாகுது. நீங்க பறக்குற புகைக்கு ஈடா வேற எங்கயாவது அந்தளவு புகை குறையணும். அதுக்குன்னு காசு கட்டலாம். கட்டாயமில்ல. ஆனா ஈடு கட்டாம வந்தீங்க, மாலை போட விடமாட்டேன்!"

நல்லதம்பி உடனே மற்ற இருவருக்கும் ஆள் அனுப்பினார். வேறு எவனாவது மாலை போட்டால் அப்புறம் எந்த முகத்தோடு தங்கச்சி வாசலை மிதிப்பது?

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"நாம பறக்குறோம். பதிலுக்கு ஒருத்தன் பறக்காம இருந்தா சரியாப்போச்சு," என்றார் வடமலை. "முகம் தெரியாதவனுக்கு எதுக்குக் காசு? நம்ம ஊர்ல பறக்காதவனுக்கா பஞ்சம்?"

பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கும் பிச்சாண்டியைப் பிடித்தார்கள்.

"மூணு பேருக்கு ஒரு ஆள் போதுமா?" என்று கேட்டார் நல்லதம்பி.

"உடம்பைப் பாரு. தாராளமாப் போதும்."

சீரங்கன்தான் இடக்குப் பண்ணினார். "இவனுக்குப் பறக்குற ஆசையே இல்லையே! ஆசை இல்லாதவன் சும்மா இருந்தா அது எப்படி ஈடாகும்?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து பிச்சாண்டிக்கு ஆசை காட்டினார்கள். மேகத்துக்கு மேலே வெயில், சன்னலோர சீட்டு, கும்பிட்டு வரவேற்கும் பெண்கள்! மூவரும் பிளேனைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அதனால் வர்ணனைக்குத் தடையே இல்லை.

பாவம் பிச்சாண்டி, சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். "ஒரே ஒரு தடவை பறந்துட்டுச் செத்துப்போறேண்ணே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு," என்று பூரித்தார் வடமலை. "டேய், பறக்காதே!"

கிளம்புகிற அன்று நல்லதம்பிக்குச் சந்தேகம் வந்தது. "நாம அந்தப் பக்கம் போனதும் இந்தப் பய ஆசை தாங்காம பிளேன் ஏறிட்டா? என் மாலை போச்சே! யாராவது காவலுக்கு இருங்கப்பா."

ஒருத்தரும் இருக்கச் சம்மதிக்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டை யார் விடுவார்? நல்லதம்பியே கடைசியில் வழி கண்டுபிடித்தார். "கண்ணு முன்னாலயே வச்சுக்குவோம்."

பிச்சாண்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள். சன்னலோர சீட்டு.

பிளேன் மேலே ஏறியதும் நல்லதம்பி அவனை முறைத்தார். "டேய், பறக்குறியா?"

"சத்தியமா இல்லண்ணே. பெல்ட்டுப் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. எங்கிட்டுப் பறக்குறது?"

நல்லதம்பிக்கு உயிர் வந்தது.

மண்டபத்தில் எழிலரசி வழிமறித்தாள். "மாமா, ஈடு கட்டியாச்சா?"

"கையோட கூட்டியாந்திருக்கேன் தாயி!" நல்லதம்பி பிச்சாண்டியை முன்னால் தள்ளினார். "நாங்க பறந்தோம்ல, அதுக்கு வழி நெடுக இவன்தான் பறக்காம வந்தான்."

எழிலரசி பிச்சாண்டியை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நல்லதம்பி மாலையைப் போட்டுவிட்டார்.

"முதல்ல இவனுக்கு இலையைப் போடச் சொல்லு தாயி. திரும்பிப் போறப்பவும் இவன்தான் பறக்காம வரணும். உடம்புல தெம்பு வேணும்ல?"