பதினாறு அங்குலச் சைக்கிள்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஆரபி. வடநோர்வேயில் கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். பிறந்ததும் அங்கேதான். தாயும் தகப்பனும் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து வளர்த்த பிள்ளை. எத்தனை தரம் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

சீடனுக்கு வயது நாற்பத்தாறு. பெயர் விமலேந்திரன். யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். நோர்வே வந்து, மொழி வாயில் ஏறாமல், ஒரு வேலையும் சரிவராமல் திரிந்தபோது ஆரபிதான் "கடைக்கு வந்து பாருங்கோ அண்ணை" என்றாள். முதல் நாளே "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்றும் சொன்னாள். வேலை பழக்குகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாத்தியாருக்கு வாய் வரவில்லை. விளையாட்டுக்கு, பகிடியாகக் "குரு" என்று தொடங்கினார். இரண்டு வருடத்தில் பகிடி போய்விட்டது. குரு நின்றுவிட்டது.

அவர் ஊரைவிட்டு வரும்போது மகள் மிதுஷாவுக்கு ஒன்றரை வயது. விண்ணப்பம் எழுதி, காத்திருந்து, திரும்ப எழுதி, மனைவி சுகந்தியும் மகளும் வந்து சேரும்போது பிள்ளைக்கு ஆறு வயது. விமானநிலையத்தில் அவர் கையை நீட்ட, அவள் தாயின் பின்னால் போய் ஒளித்துக்கொண்டாள். சரி, பயணக் களைப்பு என்று நினைத்தார். ஆறு மாதமாகியும் அந்தக் களைப்பு தீரவில்லை.

போனில் "அப்பா, அப்பா" என்று மழலை பேசிய பிள்ளைதான். போனுக்குள் இருந்த ஆளும் இந்த ஆளும் ஒன்று என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் ஒரு தரம்கூட அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் தாய் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்போதும், "அம்மா, அந்தத் தண்ணியைத் தரச் சொல்லுங்கோ." தண்ணீர் அவர் கைக்குப் பக்கத்தில் இருக்கும். எடுத்துக் கொடுப்பார். அது அவரை எவ்வளவு நோகச் செய்தது என்று சுகந்திக்குக்கூட அவர் சொல்லவில்லை.

பனி கொட்டினால் சைக்கிளை மூடிவைக்கிற ஊரல்ல அது. சின்னப் பிள்ளைகள் பனிக்கு மேலேயே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். மார்ச் மாதம் ஒரு மாலை மிதுஷா வந்து தாயின் காதுக்குள் சொன்னாள்.

"எனக்கும் ஒரு சைக்கிள் வேணும் எண்டு சொல்லுங்கோ."

"ஆரிட்ட?"

"அவரிட்ட."

மறுநாள் விமலேந்திரன் கடைக்குள் வந்த வேகத்தில் தொப்பியைக் கழற்றவும் மறந்துவிட்டார்.

"குரு, பனியில விழாத சைக்கிள் எது?"

ஆரபி ஒரு சைக்கிள் சில்லைச் சுழலவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பிடி ஒண்டு இல்லை அண்ணை."

"குறைய விழுகிற சைக்கிள்?"

"ஆருக்கு?"

"மகளுக்கு. கேட்டிட்டா குரு. தானாவே கேட்டவ."

ஆரபி சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "எவ்வளவு உயரம்?"

அவர் கையைத் தன் இடுப்புப் பட்டியடியில் வைத்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் உயர்த்தினார். பிறகு நெஞ்சுவரை கொண்டுபோனார். மூன்றிலும் அவருக்கே நம்பிக்கை இல்லை. பதினைந்து வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுசன் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் ஆரபி.

"இல்லைக் குரு. சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய்க் குடுக்கப் போறன். முகத்தைப் பார்க்க வேணும்."

"கூட்டிக்கொண்டு வாங்கோ."

சீடர்கள் எப்போது சொல் கேட்டிருக்கிறார்கள்? இவரும் கேட்கவில்லை. நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுப்போட்டு ஒரு சைக்கிளை ஒழுங்குபண்ணினார். இருபத்துநாலு அங்குலச் சில்லு. அகலமான டயர். ஏழு கியர். யாழ்ப்பாணத்தில் நல்ல சைக்கிள் என்றால் டயரை நசித்துப் பார்க்கும்போது கல்லுப்போல இருக்க வேண்டும். அப்படியே காற்றடித்தார். சீற்றை உயர்த்தினார். துடைத்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் துடைத்தார்.

ஐந்தாம் நாள் ஆரபி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆருக்கு இது?"

"மிதுஷாவுக்கு."

"எந்த மிதுஷாவுக்கு?"

"என்ன கேள்வி குரு? எனக்கு ஒரு மகள்தானே."

"இது பத்து வயசு மிதுஷாவுக்குச் செய்த சைக்கிள். ஆறு வயசு மிதுஷாவின்ர சைக்கிள் எங்க?"

"வளர்ற பிள்ளைதானே. நாலு வருசத்துக்கு நிக்கும் எண்டுதான்." சொல்லிவிட்டுத் துடைக்கிற துணியை மடித்தார். மடித்ததை விரித்துத் திரும்ப மடித்தார். "குரு, நான் இங்க இருந்து ஊருக்கு உடுப்பு அனுப்பினனான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும். ஒண்டும் அளவில்லை. எல்லாம் சின்னன். விட்டிட்டு வந்த பிள்ளைக்கே வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறன். சுகந்தி அதுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டு, நல்ல வடிவா இருக்கு எண்டு எனக்குச் சொல்லியிருக்கிறா. வந்த பிறகுதான் தெரியும். இனி ஒண்டும் சின்னனா வாங்குறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்."

ஆரபி அவர் கையிலிருந்து துணியை வாங்கிக் கொக்கியில் கொழுவினாள். அவளுக்கும் என்னவோ போல இருந்தது.

"சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

இந்த முறை அவர் கேட்டார்.

சனிக்கிழமை சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதுஷா வந்தாள். குளிர்ச்சட்டையின் கை மூன்று மடிப்பு மடித்திருந்தது. ஆரபி அதைப் பார்த்துக்கொண்டாள். விமலேந்திரன் பெரிய சைக்கிளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறிப் பாருங்கோ பிள்ளை."

பிள்ளை அண்ணாந்து சைக்கிளைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். "அம்மா, சரியான பெரிசு எண்டு சொல்லுங்கோ."

சுகந்தி வாயைத் திறந்தாள். அதற்குள் ஆரபி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, பின்னுக்கு வந்து எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ. அந்தக் கேத்தில் என்ர கைக்குச் சரிவராது."

பன்னிரண்டு வருடமாக அந்தக் கேத்திலில் தேத்தண்ணி போடுகிறவள் சொன்ன சொல் இது. சுகந்தி அப்பாவி, நம்பிவிட்டாள். போகிற போக்கில் ஆரபி சீடனின் கையில் அளவுநாடாவையும் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தையும் வைத்தாள்.

"சப்பாத்தோடேயே சுவரோட நிக்க விடுங்கோ. காலுக்கு நடுவில புத்தகம். நிலத்தில இருந்து புத்தகத்தின்ர மேல் விளிம்பு வரைக்கும் அளவுங்கோ."

"நானோ?"

"வேற ஆர் இருக்கினம்?"

கதவு சாத்தப்பட்டது.

மிதுஷா படம் பிடிக்க நிற்கிற மாதிரிச் சுவரோடு விறைத்து நின்றாள். அவர் முழங்காலில் இருந்தார். மகளுக்கு இவ்வளவு கிட்ட அவர் வந்து நாலரை வருடத்துக்கு மேல் இருக்கும். முதல் தரம் எண் பிழைத்தது. இன்னொரு தரம் அளந்தார்.

"ஐம்பத்திரண்டு" என்றார், தனக்குத்தானே.

பிள்ளை கதவைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. சாடையாகத் தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன ஐம்பத்திரண்டு?"

அவர் திரும்பி யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. கேள்வி அவருக்குத்தான்.

"உங்கட கால். சென்ரிமீற்றரில."

"அது கனக்கவோ, குறைவோ?"

"இல்லை. சரியா இருக்கு."

எழும்பினார். பெரிய சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் மூலையில் விட்டார். வரிசையில் கடைசியாக நின்ற நீலச் சைக்கிளைக் கொண்டுவந்தார். பதினாறு அங்குலம். கியர் இல்லை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும், குளிருக்கு இறுகிப்போக அதில் கம்பி கிடையாது.

மிதுஷா ஹாண்டிலில் ஒரு கையும் சீற்றில் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "எனக்குத் தூக்க ஏலும்." ஏறி இருந்தாள். "கால் எட்டேல்ல."

"நுனிக்கால் பட்டாலே போதும். சீற் உயர இருந்தாத்தான் மிதிக்கச் சுகம்." வாத்தியார் வாய் சும்மா இருக்குமா.

"வழுக்கினா?"

வாத்தியார் ஸ்பானரை எடுத்துச் சீற்றை இறக்கினார்.

"இன்னும்."

இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

இரண்டு சப்பாத்தும் முழுதாய் நிலத்தில் பட்டன. பிள்ளை பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினாள்.

பனியில் வழுக்காமல் ஆணி பதித்த டயரை மாட்ட அரை மணித்தியாலம் பிடித்தது. மிதுஷா பக்கத்தில் குந்தியிருந்து ஆணிகளை எண்ணினாள். முப்பத்தொன்பதுக்குப் பிறகு ஐம்பது என்று தாவினாள். "நாற்பது" என்றார். "நாற்பது" என்று திரும்பச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து எண்ணினாள். கடைசியில் அவர் டயரில் பெருவிரல் அமுங்கும்வரை காற்றைத் திறந்துவிட்டார்.

"ஏன் காத்தை விடுறியள்?"

"மெத்தெண்டு இருந்தாத்தான் பனியில பிடிக்கும்."

மாரி என்று அவர் சொல்கிற இரண்டு பனிக்காலமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இதையேதான் அவர் செய்துகொடுத்தவர். தன் பிள்ளை என்று வந்தபோதுதான் அத்தனையும் மறந்துபோயிருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், பனி இறுகிக் கிடந்தது. சைக்கிள் ஓட அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டு ஒழுங்கையில் மணலில் பழகியவள். ஆனால் பனியை நினைத்துப் பயம். அவர் சீற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஓடினார். மூச்சு வாங்கியது.

"விடுங்கோ."

"விழுந்திடுவியள்."

"விடுங்கோ."

விட்டார். அவள் பத்துப் பன்னிரண்டு மீற்றர் போனாள். மதிலோரம் திரும்பும்போது பின்சில்லு சறுக்கியது. அவர் ஓடத் தொடங்கினார். போய்ச் சேர முன்னமே, இரண்டு சப்பாத்தும் பனியில் ஊன்ற, சைக்கிள் சாய்ந்து நின்றுவிட்டது.

மிதுஷா திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நிண்டிட்டன்."

விமலேந்திரன் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் சைக்கிளைத் திருப்பி இன்னொரு சுற்றுக்குப் போனாள். யன்னலுக்குள் நின்ற சுகந்தி ஓடிவரப் பார்க்க, ஆரபி அவள் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாறு சுற்று முடிந்தபிறகு சுகந்தி வெளியே போனாள். அவர் உள்ளே வந்து தேத்தண்ணியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. குடித்தார். முகத்தைத் துடைத்தார், குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றார். ஆரபி ஓம் என்று தலையாட்டினாள்.

யன்னலுக்கு வெளியே நீலச் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கு வாத்தியார் மனம் சும்மா இருக்கவில்லை.

"குரு."

"சொல்லுங்கோ அண்ணை."

"அடுத்த மாரிக்கு இந்தச் சைக்கிள் அவவுக்குச் சின்னனாப் போயிடும்."

"ஓம், போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"திரும்ப அளவுங்கோ" என்றாள் ஆரபி. "இனி நீங்கள் பக்கத்திலதானே நிக்கிறியள்."