சடக்காட்டம்

ஒரு காட்டில், யானைகள் வயலுக்குள் இறங்காமலிருக்க மனிதர்கள் மின்வேலி போட்டிருந்தார்கள். வேலிக் கம்பத்தில், மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் ஒரு பெட்டி. அது 'சடக்' என்னும். சற்று நேரம் சும்மா இருக்கும். மறுபடி 'சடக்' என்னும். இரவும் பகலும் அதற்கு அதே வேலைதான்.

பக்கத்துப் பட்டமரத்தில் ஒரு மரங்கொத்தி இருந்தது. அது கொத்தினால் தலைவலி என்று எல்லோரும் விலகிப் போவார்கள். ஒருநாள் மாலை, பொழுது போகாமல், சடக்குக்குப் பின்னால் 'டொக் டொக்' என்று கொத்திப் பார்த்தது.

வேலியில் வழி தேடி வந்த ஒரு யானை நின்றது. அதன் முன்கால் தானாக உயர்ந்து இறங்கியது.

சடக். டொக் டொக். தொம்!

"தம்பி, இன்னொரு தடவை அடி" என்றது யானை.

மரங்கொத்தியிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை, குழந்தைகளே. அதற்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மான் வந்தது. பிறகு காட்டுப்பன்றி, முயல். மயில்கூடத் தோகையை மடக்கி வைத்துவிட்டு வந்தது. 'சடக்காட்டம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். யானையை விரட்டக் கட்டிய வேலிக்கு யானையே முதல் ஆளாக வந்து ஆடியது என்றால் பாருங்களேன்!

முயலுக்கு மட்டும் பொறுமையில்லை. "அண்ணே, யானையக்கா காலைத் தூக்கி வைக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துடுது. நடுவுல நிரப்பி அடிங்க. இல்லேன்னா கூட்டம் கலைஞ்சிடும்."

மரங்கொத்தி கூட்டத்தைப் பார்த்தது. மறுபடியும் தனியாக இருப்பதா? இரண்டு சடக்குக்கும் நடுவே டொக் டொக் டொக் டொக் என்று பொழிந்து தள்ளியது. முயல் துள்ளியது. கூட்டம் இன்னும் பெருகியது.

யானை தூக்கிய காலை எப்போது வைப்பது என்று தெரியாமல் நின்றது. "தம்பி, எனக்கு இடமே இல்லையே."

"கொஞ்சம் வேகமா ஆடுங்கக்கா!" என்றது மரங்கொத்தி.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டா?" என்று சிரித்துவிட்டு யானை போய்விட்டது.

தொம் போன பிறகு ஆட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. மான் கால் சுளுக்கு என்றது. பன்றி சொல்லாமலே நின்றுவிட்டது. கடைசியில் முயலே, "என்னண்ணே, வெறும் இரைச்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, குளத்தில் தவளைகள் தொடங்கிய புது ஆட்டத்துக்கு ஓடியது. கோடையில் பிறந்த சடக்காட்டம் மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

மயிலும் முயலும் போனது மரங்கொத்திக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தரை அதிர்ந்து, மரம் அதிர்ந்து, தன் நெஞ்சுவரை வந்து தொட்ட அந்த ஒரு தொம்முக்காகத்தான் அது ஏங்கியது. இரை தேடக்கூட மறந்து காட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் யானை அந்த வழியே வந்தது.

"அக்கா! ஒரே ஒரு தடவை!"

யானை நின்றது.

சடக். டொக் டொக். யானை காலைத் தூக்கியது.

அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மரங்கொத்திக்கு அது தெரியும். ஆனாலும் பழகிப்போன அலகு நிற்கவில்லை. டொக் டொக் டொக் டொக்...

யானை காலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தது. "கோபமில்லை தம்பி. நல்லா இரு" என்று பட்டமரத்தைத் துதிக்கையால் ஒருமுறை தடவிவிட்டுக் காட்டுக்குள் நடந்தது.

நீதி: கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்து, முதலில் வந்து நின்றவரின் இடத்தை நிரப்பிவிடாதே.