மலை தாண்டி வந்த தளபதி

மொட்டைப் பாறை மலைக்குக் கீழே ஒரு குளம். குளக்கரையில் ஒரு வளை. அதில் விமலா என்ற முள்ளம்பன்றியும் அவள் தம்பி தயாளனும் இருந்தார்கள்.

தயாளனுக்குப் பயந்த சுபாவம். சட்டென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், உடம்பெல்லாம் முள் சிலிர்த்துக்கொள்ளும். ஒரு தரம் பக்கத்தில் இருந்த முயலுக்குக் காதில் குத்திவிட்டது. அதோடு சரி. அவன் அருகில் யாரும் உட்காருவதில்லை. உட்காராதவர்களே, "ஒதுங்கி ஒதுங்கிப் போறான், திமிரு!" என்றும் பேசிக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. அதில் வாய் வைத்துப் பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அங்கே பேசினால் இங்கே கேட்கும். பொழுது சாய்ந்ததும் தயாளன் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். முகம் தெரியாத இரண்டு குரல்களோடு ராஜ்ஜிய ஆட்டம் ஆடுவான்.

அந்தக் குரல்களில் ஒன்று அரசி. முதலில் அவள் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவாள்.

"யானைப்படைத் தளபதி?"

"ஆஜர்!" இடி இடித்தது போல ஒரு குரல். இடுக்கில் இருந்த பொடிக்கல் எல்லாம் உதிரும்.

"அரண்மனை வைத்தியர்?"

"ஆஜர்!" என்பான் தயாளன்.

பிறகு போர் நடக்கும். தளபதிக்கு அம்பு பாயும். "வைத்தியரே, கை வையுங்கள்!" என்று தளபதி முழங்குவார். தயாளன் கை வைத்துக் குணமாக்குவான். இல்லாத போர், இல்லாத அம்பு. ஆனால் அந்த நேரம் முழுக்க அவன் முட்கள் படிந்தே இருக்கும்.

அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்றதையெல்லாம் கவனிக்க மைனா பிலோமி இருந்தாள்.

"விமலா, உன் தம்பி கல்லோட பேசுறான்டி!"

"விளையாடுறான், பிலோமி."

"இந்த வயசுலயா? அந்தக் குரலைக் கேட்டியா? கரடி! நிச்சயம் கரடிதான். நைச்சியமாப் பேசி ஒருநாள் கூப்பிட்டு முழுங்கிடும். இல்லேன்னா இவனுக்கே போர் வெறி பிடிச்சு நம்மைக் குத்துவான். நாளைக்கு எவ பொண்ணு கொடுப்பா?"

விமலா அதை நம்பிவிட்டாள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள். உயிரை வைத்தவள் அவனிடமே உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் காலையில் களிமண் குழைத்து, நடுவில் கல் செருகி, இடுக்கை அடைத்தாள். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் அது பாறையாக இறுகிவிட்டது.

சாயங்காலம் தயாளன் சுரண்டிப் பார்த்தான். நகம்தான் ஒடிந்தது. வளைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், திறந்து விடு! மூணு நாள் ஒருத்தர் ஆஜர் சொல்லலேன்னா, கிட்ட இருக்கிறவர் தேடிப் போகணும். அது எங்க சட்டம். தளபதிதான் கிட்ட இருக்கார்."

"சட்டமாம் சட்டம்! எல்லாம் வாய்ப்பந்தல். முகமே தெரியாதவன் உனக்காக மலை ஏறி வரப்போறானா? வரட்டுமே! உட்கார வெச்சு விருந்தே போடறேன்!"

"அப்ப நானாவது மலை ஏறிப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

விமலா வளை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். "என்னைத் தாண்டிட்டுப் போ!"

அக்காவைத் தாண்ட அவனால் முடியவில்லை. தன் முள் அவள் மேல் பட்டுவிடுமே என்று பயம். மூலையில் போய்ச் சுருண்டுகொண்டான்.

"பார்த்தியா, அடங்கிட்டான்!" என்றாள் பிலோமி. அடங்கித்தான் இருந்தான். சாப்பிடவும் இல்லை.

ஆறாம் நாள் உச்சி வெயிலில் வாசலில் ஏதோ விழுந்தது. காய்ந்த சருகு என்றுதான் விமலா நினைத்தாள். அது அசைந்தது. நெல்லிக்காய் அளவு ஒரு தவளை. தோல் வறண்டு எலும்போடு ஒட்டியிருந்தது. வயிறெல்லாம் கொப்புளம்.

"அம்மா..." என்றது தவளை. சின்னக் குரல். "இங்க வைத்தியர் வீடு எது?"

"வைத்தியரா? அப்படி யாரும் இங்க..." என்று ஆரம்பித்த விமலா வளைக்குள் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து தயாளன் பாய்ந்து வந்தான். "தளபதி!"

"வைத்தியரே! உயிரோடதான் இருக்கீரா?" தவளை சிரிக்கப் பார்த்தது. "ஆஜர் சொல்லலையே. மூணு நாள் கூப்பிட்டோம். அரசி அழுதுட்டாங்க. காயமோ, காய்ச்சலோன்னு..."

"இவ்வளவு சின்ன உருவமா நீங்க! இந்த வெயில்ல எப்படி வந்தீங்க?"

"யானை செத்துப்போச்சு. நடந்தே வந்தேன்."

விமலா குளத்துக்கு ஓடினாள். அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கோடையில் குளம் நடுவுக்குச் சுருங்கியிருந்தது. சேற்றில் இறங்கி, தேக்கிலையைக் குழித்துத் தண்ணீர் அள்ளி, சிந்தாமல் திரும்பி வருவதற்குள்...

வாசலில் தயாளன் உட்கார்ந்திருந்தான். தவளை அவன் மடியில் கிடந்தது. அவன் உடம்பில் ஒரு முள் கூட நிமிரவில்லை. கை தவளையின் நெஞ்சின் மேல் இருந்தது.

"கை வையுங்கன்னு சொன்னார், அக்கா. வெச்சேன். இந்தத் தடவை குணமாகலை."

இலையில் தண்ணீர் தளும்பியது. இனி அது யாருக்கு?

மரத்தில் இருந்து பிலோமி எட்டிப் பார்த்தாள். "யாருடி அது? கரடியா?"

"வாயை மூடு!" என்றாள் விமலா. அதைத் தனக்கும் சேர்த்தே சொன்னாள்.

அந்தத் தண்ணீரை அப்படியே கொண்டுபோய், இடுக்கை அடைத்த களிமண் மேல் ஊற்றினாள். திரும்பவும் குளத்துக்குப் போனாள், திரும்பவும் ஊற்றினாள். ஊறிய மண்ணை நகம் தேயத் தேயப் பறித்தாள். பொழுது சாய்ந்தபோது கடைசிக் கல் உள்ளே விழுந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்து களைத்துப்போன ஒரு குரல் வந்தது. யாரும் பதில் சொல்லாவிட்டாலும் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல்.

"அரண்மனை வைத்தியர்?"

"ஆஜர்," என்றான் தயாளன்.

"ஐயோ, இருக்கீங்களா! தளபதி உங்களைத் தேடித்தான் கிளம்பினார். யானைப்படைத் தளபதி?"

தயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விமலா அவனைத் தள்ளாமல், அவன் முள்ளுக்கு ஒதுங்காமல், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து இடுக்கில் வாயை வைத்தாள்.

"வந்து சேர்ந்துட்டார், தாயி," என்றாள். "எங்க வீட்டுக்குத்தான் வந்தார். என்னாலதான் வந்தார். இனி அவர் ஆஜர் சொல்ல மாட்டார்."

முகம் தெரியாத நட்பைப் பொய் என்று சொல்லி வழியை அடைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் காத்திருப்பவர் யார் என்று ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேளுங்கள்.