ஒரே சத்தம்

அங்கமுத்துவுக்குக் காதுதான் முதல், கண்ணெல்லாம் அப்புறம். பவானி ரோட்டில் லாரி வந்து திரும்பும்போதே, "இதுக்கு பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக அந்தக் காதை வைத்தே சோறு தின்றவர்.

நாற்பத்தெட்டாம் வயதில் அவர் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். ஒர்க்‌ஷாப்புகளில் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டைப் பொருத்திக் கொடுக்கிற பூங்கோதை. வயது இருபத்தேழு. பொருத்தியதைச் சோதித்துப் பார்க்கும் நாளில் அவளுக்குக் கை நடுங்கும். அதை அவள் மறைப்பதில்லை.

"இதோட எத்தனை லிஃப்டுங்க அம்மிணி?"

"நாப்பத்தொண்ணு."

"இன்னுமா நடுங்குது?"

"ஆமாங்ணா."

"எப்பத்தான் நிக்குமுங்க?"

"நின்னாச் சொல்றேன்."

ஒரு வருஷம் அவள் கூடவே அலைந்தார். அந்த வெள்ளிக்கிழமை, பெருந்துறையில் நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில், முதல் முறையாக ஒரு லிஃப்டை அவரே தனியாகப் பொருத்தியிருந்தார். சோதனையில் தேறினால் மறுநாளிலிருந்து அவர் தனியாகவே வேலைக்குப் போகலாம்.

தரையில் இறக்கிய போல்ட்டுகளை பூங்கோதை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தாள். எதுவும் சுற்றவில்லை. லிஃப்டை வெறுமனே ஏற்றி இறக்கினார்கள். ஒரு பழைய ஜீப்பை ஒரு சாண் தூக்கி, ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோனார்கள்.

லிஃப்டின் இரண்டு தூணுக்குள்ளும் தூணுக்கொன்றாக இரும்பு நாக்கு உண்டு. வண்டி மேலே போகப் போக அது உள்ளே வரிசையாக உள்ள பல்லில் போய் விழும். ஆயில் கசிந்தாலும் கேபிள் அறுந்தாலும், அடியில் நிற்கிறவன் உயிரை அந்த இரண்டு நாக்குகள்தான் தாங்க வேண்டும்.

டக்கென்றது.

"விழுந்திருச்சுங்க" என்றார் அங்கமுத்து.

"எத்தனை?"

"ரெண்டும். ஒண்ணாச் சேர்ந்து விழுந்துச்சு, அதான் ஒரே சத்தம்."

நாச்சிமுத்து எலுமிச்சம்பழமும் கற்பூரத் தட்டுமாகத் தயாராக நின்றிருந்தார். புது லிஃப்டுக்கு அடியில் முதலாளிதான் முதலில் நிற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

"நானுங்கூடக் கேட்டேன் அம்மிணி. உள்ள போயிரட்டுமா?"

பூங்கோதை அங்கமுத்துவைப் பார்த்தபடி நின்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "மூணு தெரு தள்ளி வர்ற லாரியோட நோவைச் சொல்லுற காதுங்க இது."

"கொஞ்சம் திரும்பி நில்லுங்கண்ணா."

திரும்பி நின்றார். மூலையில் ஒரு பழைய இன்ஜின் கிடந்தது. அதன்மேல் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது.

"எத்தனை சுத்தி?"

"ஒண்ணு."

"பாருங்க."

அவளுடைய இரண்டு கையிலும் சுத்தியல் இருந்தது. இரண்டும் இரும்பின்மேல் உட்கார்ந்திருந்தன.

"இன்னொருக்காத் திரும்புங்க."

மறுபடியும் அதே சத்தம். இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை.

"ரெண்டு."

ஒரு சுத்தியல்தான் அவள் கையில் இருந்தது. மற்றது தரையில் கிடந்தது.

"நானா இருந்தா மூணுன்னு சொல்லியிருப்பேன்" என்று நாச்சிமுத்து சிரித்தார். "அட விடுங்கப்பா, நேரமாகுது."

அங்கமுத்து சிரிக்கவில்லை. ஏணியை எடுத்துவந்து தூணுக்கு வெளிப்புறமாகச் சாத்தினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார்.

இடது தூணில் நாக்கு பல்லுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஏணியைத் தூக்கி வலது தூணுக்கு மாற்றினார். அங்கே நாக்கு ஒரு விரற்கடை வெளியே தொங்கியது. அதை விடுவிக்கிற கம்பியைக் காலையில் அவர்தான் கட்டியிருந்தார். கொஞ்சம் இழுத்துக் கட்டிவிட்டார்.

கீழே இருந்து பார்த்தால் இது யாருக்கும் தெரியாது. நினைத்தால் மறைத்துவிடலாம் என்பது அவருக்கும் தெரிந்தது.

"என்னப்பா, விழுந்திருக்கா?" என்றார் நாச்சிமுத்து.

"விழுகலீங்க. என் தப்பு. கம்பியை இறுக்கிப்போட்டேன்."

"ஒரு பக்கம் விழுந்திருக்கில்ல?"

"விழுந்திருக்குதுங்க."

"அது போதும். ஒரு நிமிசம் நின்னுட்டு வந்தர்றேன். பத்தரையாகப் போகுது." தட்டோடு ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஏணியில் இருந்து எப்படி இறங்கினார் என்று அங்கமுத்துவுக்கே தெரியாது. முதலாளியின் முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

"போகக் கூடாதுங்க."

"யோவ், இது என் பட்டறை."

"பட்டறை உங்களுதுதானுங்க. லிஃப்ட் இன்னும் என்னுது."

"நல்ல நேரத்தைக் கெடுக்கறயே, அங்கமுத்து."

"கெடட்டுமுங்க."

நாச்சிமுத்து பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் கையில் இருந்த சோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜீப்பை மெதுவாகத் தரைக்கு இறக்கினார்கள். அங்கமுத்து கம்பியைத் தளர்த்தி, அளந்து, திரும்பக் கட்டினார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். போல்ட். வெறும் லிஃப்ட். ஒரு சாண் ஜீப். ஆள் உயரம். ஒவ்வொரு பல்லுக்கும் நிறுத்தி, இரண்டு தூணிலும் ஏறிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் இறக்கிவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு முறை ஏற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ராகுகாலம் முழுக்க அதிலேயே போனது.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஏணியிலிருந்து கடைசியாக இறங்கினார்.

"ரெண்டும் விழுந்திருக்குதுங்க அம்மிணி. கண்ணால பாத்தேன்."

பூங்கோதை தாளில் அவர் பெயரை எழுதினாள். பொருத்தியவர், அங்கமுத்து. எழுதி முடித்துவிட்டு, அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

"இது எதுக்குங்க?"

"நான் பாக்கறதுக்கு."

அவர் முகம் வாடிப்போனது. "தப்பையே ஒளிக்காமச் சொன்னவன் நானு. இன்னுமா எம்மேல நம்பிக்கை வரலீங்க?"

"நம்பாமயா ஏறப் போறேன்?" அவள் முதல் படியில் கால் வைத்தாள். "ஏணியைப் புடிங்கண்ணா."